வாலிபர் சீஷத்துவ வகுப்பைப் பூட்டிய சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

நம் சேகரத்துச் சபைகளைப் பொறுப்பாகப் பார்க்கிற சேகரகுரு ஐயா அவர்களுக்கும், சேகரக் கமிட்டியில் இருக்கிற அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும்,

போன மாதக் கமிட்டியில் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் வாசித்த இரண்டு தீர்மானங்களைப் பற்றித்தான் இந்த மடல். ஒன்று, சனிக்கிழமை சாயங்காலம் கோவில் பக்கத்து அறையில் நடந்துவந்த, இயேசுவின் வழியில் நடக்கப் பழக்குகிற வாலிபர் சீஷத்துவ வகுப்பை நிறுத்தியது. இன்னொன்று, அதற்குப் பதிலாக வருஷத்தில் ஒரு நாள் வள்ளியூரில் மண்டபம் எடுத்துத் தலைமைத்துவ முகாம் நடத்துவதென்று முடிவுசெய்து, அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரை வாலிபர் தலைவராக நியமித்தது. அறிவிப்பு வாசித்தபோது யாரும் எழுந்து கேட்கவில்லை என்பதால் சபைக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆராதனை நடுவில் எழுந்து பேசுகிற வழக்கம் நம் ஊரில் இல்லை. வெளியே வந்தபிறகு வேப்பமரத்தடியில் என்ன பேசினார்கள் என்பது உங்கள் காதுக்கும் வந்திருக்கும்.

ஊர்ப் பெயரையும் சேகரத்தின் பெயரையும் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. யாரையும் சந்தியில் நிறுத்துவது என் நோக்கம் இல்லை. அதோடு திசையன்விளைப் பக்கம் மட்டுமா, நாங்குநேரி, ராதாபுரம், அந்தப்பக்கம் சாத்தான்குளம் வரைக்கும் எத்தனையோ ஊர்க்காரர்கள் இதை வாசித்தால் தங்கள் சபையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று நினைப்பார்கள். பெண்கள் ஐக்கியத்தில் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தோம், பதில் வரவில்லை. அதனால்தான் எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

நான் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறவள். என் மகனும் மகளும் அந்த வகுப்பில் வளர்ந்தவர்கள். நீங்கள் நிறுத்தியது என்ன என்று உங்களில் பலருக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் கமிட்டியிலிருந்து யாரும் அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்து பார்த்ததில்லை. "பத்துப் பிள்ளைகள் கூடி என்னத்தச் செய்யுது" என்று கமிட்டியில் ஒருவர் கேட்டாராம். என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன்.

வகுப்பை நடத்தின சபை ஊழியரான உபதேசியார் வேதத்தில் ஒரு பகுதியை வாசிக்கச் சொல்லுவார், அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுவார். பெரிய பிரசங்கம் எல்லாம் கிடையாது. அப்புறம் போன வாரம் என்ன செய்தாய் என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். அந்தக் கேள்விதான் வகுப்பு. வீட்டில் அம்மாவை எதிர்த்துப் பேசினாயா, கடையில் வாங்கிய கடனைக் கொடுத்தாயா, போனில் என்ன பார்க்கிறாய், யாரோடு பேச்சு இல்லாமல் இருக்கிறாய். ஒரு தரம் கபடி விளையாட்டில் சண்டை போட்டு இரண்டு பையன்கள் முகம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். உபதேசியார் பாட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "லேய், முதல்ல ரெண்டு பேரும் வெளிய போயி பேசிட்டு வாங்க, அப்புறம் பாட்டுப் படிக்கலாம்" என்றார். அவர்கள் திரும்பி வரும்வரைக்கும் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு சொன்னதை அந்தப் பிள்ளைகள் மனப்பாடமாகப் படிக்கவில்லை, செய்து பார்த்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் இரண்டு இரண்டு பேராகப் படுக்கையில் கிடக்கிறவர்கள் வீட்டுக்கு அனுப்புவார். போய் ஜெபம்பண்ணிவிட்டு மட்டும் வரக்கூடாது, தண்ணீர் எடுத்துவைக்க வேண்டும், மாத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொம்பளைப் பிள்ளைகளையும் பையன்களையும் ஒரே மாதிரிதான் வேலை வாங்குவார். சாதி பார்த்து யாரையும் யாரோடும் சேர்க்காமல் விட்டதில்லை. தெற்குத் தெருப் பிள்ளையும் வடக்குத் தெருப் பிள்ளையும் சேர்ந்து ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டது முதல் முதலாக அந்த வகுப்பினால்தான். எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற நம் கோவில் அசனத்தில்கூட அது தானாக நடந்ததில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த வகுப்பில் இருந்த ஒரு பையன் இப்போது வேறு ஊர்ச் சபையில் கணக்குப் பார்க்கிறான். கோவில் தென்னந்தோப்பு ஏலத்தில் அவனுடைய சொந்த மாமா, ஏலத்தொகையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு எடுக்கப் பார்த்திருக்கிறார். "மாமா, நீங்க எல்லார் முன்னாலயும் கேளுங்க" என்று சொல்லிவிட்டான். வீட்டில் இன்றைக்கும் அதற்காக அவனோடு சரியாகப் பேசுவதில்லை. அவனுக்கு யாரும் மைக் பிடிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. யாரும் பார்க்காத இடத்தில் சரியாக நடக்கிற பழக்கத்தை வாரம் வாரம் ஒருவர் கூட உட்கார்ந்து கொடுத்தார், அது அந்த நாளில் வேலை செய்தது.

சரி, உபதேசியார் எங்கே? சபைத் தேர்தல் சமயத்தில் எந்த அணிக்கும் ஓட்டுக் கேட்க மாட்டேன் என்று சொன்னார். தேர்தல் முடிந்ததும் மாற்றிவிட்டார்கள். "வழக்கமான மாற்றல்தான்" என்றீர்கள். வழக்கமான மாற்றல் என்றால் அவர் இடத்துக்கு வேறு ஒருவர் வந்திருக்க வேண்டும், இதுவரைக்கும் வரவில்லை. ஆள் இல்லை என்று வகுப்பு நின்றது, வகுப்பு நடக்கவில்லை என்று சொல்லி அறையைப் பூட்டினீர்கள். இப்போது பண்டிகைக்குக் கட்டுகிற சீரியல் பல்புகளும் பந்தல் சாமானும் அங்கே கிடக்கின்றன.

முகாமைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வருஷம் முன்னோட்டமாக நடந்த முகாமுக்கு என் மகளும் போய்வந்தாள். மண்டப வாசலில் உங்கள் எல்லாருடைய படமும் போட்ட பெரிய பிளெக்ஸ். சென்னையிலிருந்து வந்தவர் நன்றாகவே பேசினாராம், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கூட்டத்தை எப்படிக் கவர்வது, எப்படி நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது, எதிராளி பேசும்போது எப்படி மடக்குவது, இதுதான் நாள் முழுக்க. மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் சான்றிதழ். மறுநாள் காலையிலேயே அந்தச் சான்றிதழோடு படம் எடுத்து வாட்ஸப்பில் வைத்திருந்தார்கள், 'இளம் தலைவர்' என்று. இந்த வயதில் ஒரு பிள்ளைக்கு நீ தலைவர் என்று ஒரே நாளில் சொல்லிக்கொடுப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற கெடுதல். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது கண்காணியாகிறவன், அதாவது சபையை மேற்பார்க்கிறவன், புதிதாக விசுவாசத்துக்கு வந்த நூதன சீஷனாக இருக்கக் கூடாது, இறுமாப்படைந்து விழுந்துபோவான் என்று எச்சரித்தது இதைத்தான்.

இனி நியமனம். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. நீங்கள் வாலிபர் தலைவராக வைத்திருக்கிறவர், போன மழைக்காலத்தில் நம் சபையில் ஒரு விதவைத் தாயின் மகனை அடக்கம்பண்ணக் கொண்டுவந்தபோது, சபைக்குக் கட்டுகிற சந்தா பாக்கி இருக்கிறது என்று சொல்லிக் கல்லறைத் தோட்டத்துச் சாவியைக் கொடுக்க மறுத்தவர். பிரேதத்தை வாசலில் இறக்கிவைத்துவிட்டு நின்றோம். அந்த அம்மா தரையில் உட்கார்ந்து அழுதார்கள். பக்கத்து வீட்டில் பீடி சுற்றுகிற அக்கா ஒருத்தி தன் வாரக் கூலியைக் கொண்டுவந்து கொடுத்தபிறகுதான் கதவு திறந்தது. நான் அங்கே நின்றேன், என் கண்ணால் பார்த்தேன், கமிட்டி ஆட்களில் இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள். இதுவரைக்கும் அந்த அம்மாவிடம் யாரும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு மனிதன் ஒரு தரம் தவறினால் அத்தோடு அவனைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேதுரு மூன்று தரம் மறுதலித்தவர்தான். ஆனால் ஆண்டவர் ஆடுகளை மேய்க்கச் சொல்லுமுன் கடற்கரையில் அவரை உட்காரவைத்து, என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா என்று மூன்று தரம் கேட்டார், பேதுருவின் மனது நோகிற அளவுக்குக் கேட்டார். நீங்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் மேய்க்கச் சொல்லிவிட்டீர்கள். காரணம் அவர் கொண்டுவந்த ஓட்டு. இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்லுகிறது. அது பொய் என்றால் நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன்.

பதநீருக்குக் கட்டுகிற கலயத்தில் உள்ளே சுண்ணாம்பு தடவாமல் கட்டினால் விடியும்போது அதில் பதநீர் இருக்காது, கள்தான் இருக்கும். பனையும் அதே பனை, பாளையும் அதே பாளை. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே தடவியிருக்கிற அந்த வெள்ளைப்பூச்சுதான் வித்தியாசம். திறமை, குரல், வசதி, குடும்பப் பெயர் இதெல்லாம் நம் பிள்ளைகளுக்குக் குறைவில்லாமல் இருக்கிறது. உள்ளே தடவ வேண்டியதைத் தடவாமல் மேலே ஏற்றிவிட்டு, பிறகு சபை நாறுகிறது என்று யாரைக் குற்றம் சொல்லப்போகிறோம்?

தலைவனுக்கு என்ன வேண்டும் என்று வேதத்தில் தேடிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 1 தீமோத்தேயு மூன்றாம் அதிகாரத்தில் கண்காணிக்கு வேண்டியதாகச் சொல்லியிருப்பதில் போதகசமர்த்து, அதாவது சொல்லிக்கொடுக்கிற திறமை, என்று ஒன்று வருகிறது. மற்றது ஏறக்குறைய எல்லாமே குணம்தான். குடிக்காதவன், அடிக்காதவன், சண்டை பண்ணாதவன், பண ஆசை இல்லாதவன், சொந்த வீட்டை நன்றாக நடத்துகிறவன், வெளியே இருக்கிறவர்களிடத்திலும் நல்ல பேர் வாங்கினவன். அந்தக் கடைசியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் டீக்கடையில், பக்கத்துத் தெருவில் சாமி கும்பிடுகிறவர்களிடத்தில், பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிறவரிடத்தில் இந்த ஆள் எப்படி என்று கேட்டுவிட்டு யாரையாவது கமிட்டிக்கு எடுத்திருக்கிறோமா? உதவிக்காரர்களைப் பற்றி அதே அதிகாரத்தில், இவர்கள் முன்பு சோதிக்கப்பட வேண்டும், அப்புறம்தான் ஊழியம் என்று இருக்கிறது. எருசலேமில் விதவைகளுக்குச் சாப்பாடு பங்கிடுகிற வேலைக்கு ஆள் எடுக்கும்போதுகூட நற்சாட்சி பெற்ற ஏழுபேரைத் தேடினார்கள். சாப்பாடு பரிமாறுகிற வேலைக்கு!

இயேசு பன்னிரண்டு பேரை ஏற்படுத்தினதைப் பற்றி மாற்கு எழுதும்போது, பிரசங்கம்பண்ண அனுப்புவதற்கு முன்னால், அவர்கள் தம்மோடுகூட இருக்கவும் என்று முதலில் எழுதுகிறார். கூட நடந்தார்கள், கூடச் சாப்பிட்டார்கள், திட்டு வாங்கினார்கள். அப்படி இருந்தும் கடைசி இராப்போஜனத்தில் தங்களில் யார் பெரியவன் என்று வாக்குவாதம் பண்ணினார்கள் என்று லூக்கா சொல்கிறார். ஆண்டவரோடேயே இருந்தவர்களுக்கு அந்தப் புத்தி போக அவ்வளவு நாள் எடுத்ததென்றால், ஒரு நாள் முகாமில் நம் பிள்ளைகளுக்கு என்ன நடந்துவிடும்?

நம் நெல்லைச் சபைகளுக்கு இது புதுசும் இல்லை. பாளையங்கோட்டையில் கிளாரிந்தா அம்மா கோவில் கட்டின 1785ஆம் வருஷத்தை ஆண்டுவிழா மேடைகளில் சொல்லாதவர்கள் இல்லை. அவர்கள் ஒரு பெண், அதுவும் விதவை, என்பதைச் சேர்த்துச் சொல்லுகிறவர்கள் குறைவு. மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில் விசுவாசிகளை அடித்து வீட்டை இடித்தபோது, அவர்களைக் குடியேற்ற நிலம் வாங்குவதற்கென்று 1830இல் தரும சங்கம் ஏற்படுத்தினார்கள். சந்தா பாக்கிக்காகப் பிரேதத்தை வாசலில் வைத்த நாம் அந்தச் சரித்திரத்தைப் பேசி வருஷா வருஷம் பெருமைப்படுகிறோம்.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியாவைப் பாருங்கள். கிராமத்துப் போதகர் மகன். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கினவர்களில் ஒருவர். நம் மக்களே காசு கொடுத்து, நம் மக்களையே அனுப்புகிற சங்கம். அவர் அலுவலகத்தில் செயலாளராகவே இருந்திருக்கலாம், நல்ல பெயரும் இருந்தது. 1909இல் தானே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு மிஷனெரியாகப் போனார். அடுத்த வருஷம் ஸ்காட்லாந்தில் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனெரிமார் நிறைந்த சபையில், ஏழைகளுக்குக் கொடுக்கிறீர்கள், உயிரையே கொடுக்கிறீர்கள், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்று முகத்துக்கு நேராகக் கேட்டார். 1912இல் இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பேராயரானது அதற்கு அப்புறம். பதவி அவரைத் தேடி வந்த இடம் பாருங்கள், பாஷை தெரியாத ஊரில் ஏழை ஜனங்களோடு இருந்த இடம். மேலே இருக்கிறவர்களிடத்தில் தைரியமாகவும் கீழே இருக்கிறவர்களிடத்தில் தாழ்மையாகவும் பேசுகிற குணம் ஒருவருக்குள் சேர்ந்து இருப்பது லேசான காரியம் இல்லை. நம்மிடத்தில் இப்போது அது தலைகீழாக இருக்கிறது.

டோனாவூரில் ஆதரவில்லாத பிள்ளைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மா 1951இல் இறந்தபோது கல்லறைமேல் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் பறவைகள் வந்து தண்ணீர் குடிக்கிற தொட்டி ஒன்றை வைத்து, அம்மா என்று மட்டும் எழுதினார்கள். இங்கே இருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் போய்விடலாம். நம் கோவிலில் போன வருஷம் கட்டின கைகழுவும் தொட்டிக்குக்கூடக் கமிட்டி உறுப்பினர் எல்லார் பெயரும் போட்ட பளிங்குக் கல்வெட்டு இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள், நாம் வாயால் சொல்லுவதைக் கேட்டு இல்லை.

பிள்ளைகள் வருவதில்லை என்று சொல்லுவீர்கள். வந்தார்கள், அறையைப் பூட்டுகிற வாரம் வரைக்கும் வந்தார்கள். பணம் இல்லை என்று சொல்ல முடியாது, அந்த வகுப்புக்குச் செலவே டீயும் சுண்டலும்தான், அதுவும் தாய்மார்கள் முறைவைத்துக் கொண்டுவந்தது. காலம் மாறிவிட்டது, பிள்ளைகளுக்குப் பேச்சுத்திறன் வேண்டும், வேலைக்குப் போகிற இடத்தில் உதவும் என்று ஒரு அண்ணன் என்னிடம் சொன்னார். வேண்டும்தான், அந்த முகாமைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. சீஷத்துவத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதை வைத்ததைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. போனில் தலையைக் குனிந்துகொண்டே இருக்கிற பிள்ளைகளுக்கு முகத்தைப் பார்த்து "போன வாரம் எப்படி இருந்த?" என்று கேட்கிற ஒரு பெரியவர் முன்னைவிட இப்போதுதான் அதிகம் தேவை.

நான் கேட்கிறது இவ்வளவுதான், ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும்.

அந்த அறையைக் காலிசெய்து, சனிக்கிழமை வகுப்பைத் திரும்பத் தொடங்குங்கள். உபதேசியார் வரும்வரைக்கும் சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மூன்று பேர் நடத்த ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் பெயரை மனுவில் கொடுத்திருக்கிறோம். காலியாக இருக்கிற உபதேசியார் இடத்துக்கு ஆள் கேட்டுப் பேராயரின் திருமண்டல அலுவலகத்துக்கு எழுதி, அந்தக் கடிதத்தின் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். சேகரகுரு ஐயா, மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது நீங்களும் வந்து உட்காருங்கள். நடத்த வேண்டாம், பிள்ளைகளோடு உட்கார்ந்தால் போதும்.

வாலிபர் தலைவர் நியமனத்தை நிறுத்திவையுங்கள். அந்தச் சகோதரர் விதவைத் தாயின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கட்டும், நீங்களும் கூடப் போங்கள், அன்றைக்கு அங்கே நின்றுகொண்டிருந்த கமிட்டி ஆட்களும் போகட்டும். அப்புறம் ஒரு வருஷம் எந்தப் பதவியும் இல்லாமல் வியாதியஸ்தரைப் பார்க்கிற வேலையில் அவர் இருக்கட்டும். அதற்குப் பிறகு சபை அவரைத் தெரிந்தெடுத்தால் நானே முதலில் கையைத் தூக்குகிறேன். அடக்கத்துக்கும் சந்தா பாக்கிக்கும் சம்பந்தம் இல்லை என்று எழுத்தில் தீர்மானம் போட்டு, கல்லறைத் தோட்டத்துச் சாவியைக் கோவில் வேலைகளைப் பார்க்கிற கோவில்பிள்ளை கையில் கொடுங்கள்.

இனிமேல் எந்தப் பொறுப்புக்கும் ஒருவரை எடுக்குமுன் அவர் தெருவில் இருக்கிற இரண்டு குடும்பத்திடமும், சபைக்கு வெளியே அவரைத் தெரிந்த ஒருவரிடமும் விசாரித்துவிட்டு எடுங்கள். பொறுப்பு முடிந்து இறங்குகிறவர்கள் சாமுவேல் தீர்க்கதரிசி செய்ததுபோல, நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாருக்கு அநியாயம் செய்தேன் என்று சபையார் முன்னால் நின்று கேட்கட்டும், கணக்கை வாசிக்கட்டும். கமிட்டியில் இப்போது இருக்கிற நீங்களே அதைத் தொடங்கிவைக்கலாம்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இந்த மடலை முழுவதும் வாசித்து, எதை ஏற்றுக்கொள்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் என்பதை அதற்கு அடுத்த ஞாயிறு அறிவிப்பில் சொல்லுங்கள். என்னைக் கூப்பிட்டால் வந்து நேரில் பேசத் தயார், பெண்கள் ஐக்கியத்தில் இன்னும் சிலரும் வருவார்கள். கூட்டம் எந்த நாள் என்று மட்டும் முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சபையில் ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை